வாசனைக்கு ஒரு கட்டம்

மூன்றரை மணிக்கு எழுத வேண்டியதை வேதகிரி இன்னும் எழுதவில்லை. மணி மூன்று நாற்பது ஆகிவிட்டது. நோட்டு மடியில் விரிந்து கிடந்தது. மை காய்ந்துவிடுமே என்று பேனாவை மூடினார். மூடியதும் இனி எழுதப்போவதில்லை என்று தீர்மானித்துவிட்டது போலத் தோன்றவே மறுபடி திறந்தார். எதிரே மகள் சுகந்தியின் எலெக்ட்ரிக் கார், வெள்ளை நிறம், தூண் ஓரமாக நின்றபடி காலை பத்து மணியிலிருந்து மின்சாரம் குடித்துக்கொண்டிருந்தது. பத்து மணிக்கு இருபது சதவீதம், இப்போது எழுபத்திரண்டு. கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தால் அந்த எண் பச்சையாகத் தெரியும். சேலையூரில் இருக்கும் இந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் இருபத்தாறு வீடுகள், கரண்ட் கார் இது ஒன்றுதான். எங்கேயோ ஓர் ஊரில் சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் எரிந்து வீடே புகையாகிப் போனது என்று செய்தி வந்த வாரத்தில் குடியிருப்போர் சங்கம் கூடி விதி போட்டது. சனி, புதன் இரண்டு நாள்தான், அதுவும் பகலில்தான் சார்ஜ் போடலாம். போட்டிருக்கும் நேரம் முழுக்க அந்த வீட்டு ஆள் ஒருவர் மணல் வாளியோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அரை மணிக்கு ஒரு தடவை பிளக்கையும் வயரையும் தொட்டுப் பார்த்து, முகர்ந்து பார்த்து, நோட்டில் எழுத வேண்டும். நேரம், பிளக், வயர், வாசனை, கையெழுத்து என்று ஐந்து கட்டம். ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டது வேதகிரிதான். வாசனைக்கு ஒரு கட்டம் வேண்டும் என்று சொன்னவர் சங்கத்துச் செயலாளர் சம்பந்தம். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் அதிகாரியாக இருப்பவர், தீயைப் பற்றித் தெரிந்தவர். நான்கு மாதம் பார்ப்போம் என்றார்கள். நான்கு மாதம் இன்றோடு முடிகிறது. மாலை ஆறு மணிக்கு மொட்டை மாடியில் சங்கக் கூட்டம், அதில் இந்த நோட்டைப் பார்த்துவிட்டு, சார்ஜ் போட நிரந்தர அனுமதி தருவதா, ஒரேயடியாக நிறுத்துவதா என்று முடிவு செய்வார்கள். நிறுத்திவிட்டால் சுகந்திக்குக் கார் இல்லை. கார் இல்லையென்றால் ஒரகடத்தில் வேலை இல்லை, கம்பெனி பஸ் இந்தப் பக்கம் வருவதை நிறுத்தி ஒரு வருஷமாகிறது.

எழுந்து போய்ப் பிளக்கைத் தொட்டார். சுவரில் பதித்த வெள்ளைப் பெட்டி, அதில் ஏசிக்குப் போடுவது போன்ற தடித்த மூன்று கால் பிளக். விரலை வைத்து மனசுக்குள் எண்ணினார். மூன்று. நான்கு எண்ணும் முன் விரல் தானாகவே விலகிக்கொண்டது. போன சனிக்கிழமை பத்து வரை எண்ண முடிந்தது. அதற்கு முந்தின வாரம் இருபது எண்ணியும் வைத்திருந்தார், அப்போதும் வெதுவெதுப்பு இருக்கத்தான் செய்தது. விரலுக்கு என்ன தெரியும், ஒரு நாள் கை சில்லென்று இருக்கும், ஒரு நாள் கொதிக்கும், அறுபத்தெட்டு வயசில் ரத்தம் விரல் நுனி வரைக்கும் போய்ச் சேர்கிறதோ என்னவோ என்று மூன்று வாரமாக விரலைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் புதன்கிழமை சுகந்தி போனில் மீட்டிங்கில் இருந்ததால் அவரே பிளக்கைப் பிடுங்க வேண்டியிருந்தது. ஒரு காலைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தது, டீ சிந்திக் காய்ந்த மாதிரி. நகத்தால் சுரண்டினார், போகவில்லை. அதோடு அந்த வாசனை. முதல் மாடி வரதராஜுலு தினமும் ஸ்கூட்டர் எடுக்க வரும்போது ஏதாவது ஒன்று சொல்லாமல் போகமாட்டார். “என்ன சார், ஐ.சி.யூ. வாசல்ல உக்காந்திருக்கிற மாதிரியே இருக்கீங்க, பேஷண்ட் தேறிடுமா?” என்பார். இன்று மதியம் அவர் மூக்கைச் சுளித்தார். எவர் வீட்டிலோ நெத்திலிக் கருவாடு வறுக்கிறார்கள், பேஸ்மெண்ட் வரைக்கும் இறங்கி வருகிறது, சங்கத்தில் சொல்ல வேண்டும் என்றார். வேதகிரி ஆமாம் என்று தலையாட்டினார்.  கருவாடு இல்லை என்று அவருக்குத் தெரியும். முப்பத்தோரு வருஷம் அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்தவர். உடன் வேலை பார்த்த அமலதாஸ் சொல்வான், மோட்டார் கருகினா ரப்பர் நாத்தம், சுவிட்ச் போர்டு கருகினா மீன் நாத்தம், மூக்கு ஒண்ணு இருந்தாப் போதும்டா, மீட்டர் எதுக்கு.

எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டாமல் இல்லை. வியாழக்கிழமை, சங்கத்துக்குத் தெரியாமல், வீட்டில் ஃபேன் ரிப்பேர் என்று வாட்ச்மேனிடம் பொய் சொல்லி வரவழைத்தார்கள். அவன் பிளக் பெட்டியைத் திறக்கக்கூட இல்லை, மீட்டர் போர்டிலிருந்து சுவர் வழியாக வரும் குழாயைத் தட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே ஓடுவது விளக்குக்குப் போடுகிற வயர், இதில் இத்தனை நேரம் இவ்வளவு இழுத்தால் சூடாகாமல் என்ன செய்யும், போர்டு வரைக்கும் பிரித்து மாற்ற வேண்டும் என்றான். போர்டு வரைக்கும் என்றால் சங்கத்தின் சுவர், சங்கத்தின் அனுமதி. அனுமதி கேட்டால் ஏன் என்று கேட்பார்கள். இன்று காலை பிளக்கைச் சொருகிவிட்டு சுகந்தி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். “அப்பா, இன்னிக்கு ஒரு நாள். கூட்டம் முடியட்டும். அப்புறம் வயரை மாத்திடலாம். நோட்டுல மட்டும் எதையாவது எழுதிவெச்சிடாதீங்க” என்றாள். கெஞ்சவில்லை, அதட்டவும் இல்லை. அவளுடைய அம்மா மருந்துச் சீட்டைக் கொடுத்து இதை மறந்துடாதீங்க என்று சொல்லும் அதே குரல். அந்த அம்மா போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். மருமகன் தோஹாவில். இந்த வீட்டில் பேசுவதற்கு இரண்டே பேர், இரண்டு பேரும் அதிகம் பேசுவதில்லை.

பொய் எழுதுவது என்பது அவருக்குப் புதிதில்லை. ஆனால் அதை அப்போது யாரும் பொய் என்று சொன்னதில்லை. அனல்மின் நிலையத்தில் அவருக்குச் சாம்பல் பிரிவு. நிலக்கரி எரிந்து மின்சாரம் மேலே கம்பியில் போகும், சாம்பல் கீழே விழும், அதைத் தண்ணீரில் கரைத்துக் கூழாக்கி பம்ப் வைத்துத் தள்ளினால் ஐந்து கிலோமீட்டர் தூரம் குழாய் வழியாக ஓடி ஒரு குட்டையில் போய்ச் சேரும். மணிக்கு ஒரு தடவை பம்பின் அழுத்தத்தை லாக் புத்தகத்தில் எழுத வேண்டும். ஷிப்டுக்கு ஒரு தடவை சைக்கிளில் குழாயோடு போய்ப் பார்த்துவிட்டுக் கசிவு உண்டா இல்லையா என்று எழுத வேண்டும். ஷிப்ட் ஆரம்பித்த முதல் பத்து நிமிஷத்தில் எட்டு மணி நேரத்துக்கும் சேர்த்து எழுதிவிடுவது அங்கே வழக்கம். சோம்பல் இல்லை. வால்வு அடைத்துக்கொண்டால் முழங்கை வரைக்கும் கூழுக்குள் கையை விட்டுக்கொண்டிருக்கும் மனுஷன் மணிக்கொரு தடவை கையைக் கழுவிக்கொண்டு போய்ப் பேனா பிடிக்க முடியுமா. வந்ததும் எழுதிவிட்டால் அப்புறம் நிம்மதியாக வேலை பார்க்கலாம். புதிதாய்ச் சேர்ந்தபோது எல்லா மணிக்கும் ஐந்து புள்ளி இரண்டு என்றே எழுதிவைத்தார். அமலதாஸ் பார்த்துவிட்டுச் சிரித்தான். “டேய் வேதகிரி, ஒரே மாதிரி எழுதினா பொய்னு தெரிஞ்சிடும்டா. கொஞ்சம் ஏத்தி இறக்கி எழுது, அப்பத்தான் உண்மை.” ஐந்து புள்ளி இரண்டு, ஐந்து புள்ளி ஒன்று, மறுபடி இரண்டு, ஓர் இடத்தில் மூன்று. அதற்கென்று கைக்கு ஒரு தாளம் வந்துவிட்டது. ரிடையர் ஆன அன்றைக்கு அந்தத் தாளமும் போயிற்று என்று நினைத்தார். இந்த நோட்டுக்குக் கட்டம் போட்ட அன்று, வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தந்த நேரத்தில் அந்தந்த வரியை எழுதுவது என்று வைத்துக்கொண்டார். மூன்று மாதம் அப்படித்தான் எழுதினார். பிளக் சரி, வயர் சரி, வாசனை இல்லை. எழுதுகையில் சின்னப் பிள்ளை மாதிரி ஒரு சந்தோஷம் இருந்தது, எழுதுவதும் இருப்பதும் ஒன்றாகவே இருந்ததால். இப்போது மூன்று வாரமாக நேரம் தவறாமல் எழுதுகிறார், எழுதுவதும் இருப்பதும்தான் ஒன்றாக இல்லை. எது மேல். முன்கூட்டியே எழுதியது பெரும்பாலும் நிஜமாகிவிடும். நேரத்தில் எழுதுவது பொய்யாக இருக்கிறது.

பெரும்பாலும். ஒரு தடவை ஆகவில்லை. மே மாதம், கத்திரி வெயில். வெள்ளிக்கிழமை சைக்கிளில் போனபோது ஆற்றோரத்து வளைவில் குழாய்க்குக் கீழே மண் ஈரமாக இருந்ததைப் பார்த்தார். கை வைத்துப் பார்த்தார், குழாய் வியர்த்திருந்தது. கசிவு உண்டு என்று எழுதினால் பம்பை நிறுத்த வேண்டும், பம்பை நிறுத்தினால் மின்சாரம் எடுக்கும் ஒரு யூனிட்டையே நிறுத்த வேண்டும், கத்திரியில் யூனிட்டை யார் நிறுத்துவார்கள். கசிவு இல்லை என்று எழுதினார். திங்கட்கிழமை மதியம் ஒன்று இருபதுக்குக் குழாய் வெடித்து, சாம்பல் கூழ் ஆற்றில் பாய்ந்தது. அன்றைய லாக் புத்தகத்தில் இரண்டு மணிக்கு ஐந்து புள்ளி இரண்டு என்று அவர் கையெழுத்தில் இருந்தது. குழாய் வெடித்து நாற்பது நிமிஷத்துக்குப் பிறகும் அழுத்தம் குறையாத பம்ப். விசாரணைக்கு வந்த மூன்று பேரும் முதலில் கேட்டது அந்தப் புத்தகத்தைத்தான். பார்த்தார்கள். ஒருவர் எழுத்து முத்து முத்தாக இருக்கிறதே என்று கூடச் சொன்னார். பதிவேட்டின்படி எல்லாம் சரியாக இருந்ததால் இது எதிர்பாராமல் நேர்ந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். அந்த இரண்டு மணியை அவர்கள் பார்க்கவில்லையா, பார்த்தும் பார்க்காமல் போனார்களா என்பது இன்றைக்கும் வேதகிரிக்குத் தெரியாது. ஆற்றில் குந்தியபடி கையால் தடவித் தடவி இறால் பிடிப்பவர்கள் இருந்தார்கள். இறால் போடும் பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு இரண்டு கையும் தண்ணீருக்குள் இருக்கும். அவர்களில் தேசம்மா என்ற பெண்ணிடம் அவர் இறால் வாங்குவது உண்டு. வெடித்த மூன்றாம் நாள் போனபோது கழுத்தளவு தண்ணீரில் குந்தியிருக்க வேண்டியவள் கணுக்காலளவில் நின்றுகொண்டிருந்தாள். பறி காலியாகக் கையில் தொங்கியது. “இன்னா சாரு, ஆத்துக்குள்ள சிமிட்டி போட்டுட்டீங்களா” என்றாள். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரி இருந்தது. எடுத்துச் சுத்தம் பண்ணிவிடுவார்கள் என்று அவர் சொன்னார். அவள் காலால் அந்தச் சாம்பல் தரையைத் தட்டிப் பார்த்தாள். “எட்த்துனு போயி எங்க கொட்டுவீங்கோ?” என்றாள்.  யாரும் எடுக்கவே இல்லை.

இருமல் வந்தது. இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, அது முடியும் வரைக்கும் காத்திருந்தார். இந்த இருமலுக்காகத்தான் இந்தக் கார். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, புகை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார். மூன்றாம் மாதம் சுகந்தி இந்தக் காரை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினாள். “இதுல புகையே கிடையாதுப்பா. உங்க நெஞ்சுக்கும் நல்லது” என்றாள். சாவியை அவர் கையில் கொடுத்து ஒரு போட்டோ எடுத்தாள். அவளிடம் எப்படிச் சொல்வது. புகை இல்லை என்று ஒன்று கிடையாது அம்மா, இங்கே இல்லை, அவ்வளவுதான். இந்தச் சுவரில் சொருகினால் இந்தக் கம்பி எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும், எந்த பம்ப் ஹவுஸில் எவன் உட்கார்ந்து இப்போது எட்டு மணி நேரத்துக்கும் சேர்த்து எழுதிக்கொண்டிருக்கிறான் என்றுகூடத் தெரியும். எழுபத்திரண்டு எழுபத்து மூன்றாவதற்கு இத்தனை பிடி சாம்பல் என்று நினைத்தார், எத்தனை பிடி என்று கணக்குப் போட முயன்று விட்டுவிட்டார். டிவியில் ஒரு நாள் காட்டினார்கள், இந்த பேட்டரிக்குள் போகும் ஏதோ ஒரு கல்லுக்காக, ஏதோ ஒரு தேசத்தில், பெண்கள் சேற்றுத் தண்ணீரில் குந்தியிருந்தார்கள். குரலைக் குறைத்துவைத்திருந்ததால் எந்த தேசம் என்று கேட்கவில்லை. கைகள் மட்டும் தெரிந்தன. சேனலை மாற்றிவிட்டார். பேட்டரிக்கு எட்டு வருஷம் கெடு என்று கம்பெனிக்காரன் சொல்லியிருந்தான். எட்டு வருஷத்துக்குப் பிறகு கட்டில் அகலத்துக்கு ஒரு செத்த பொருள், அதை யார் எடுத்துக்கொண்டு போய் எங்கே வைப்பார்கள். எங்கேயாவது ஒரு குட்டை இருக்கும். எப்போதும் இருக்கிறது. சுத்தமாக இருக்கும் ஒவ்வோர் இடத்துக்கும் பின்னால் ஐந்து கிலோமீட்டர் தள்ளி ஒரு குட்டை, அதன் பக்கத்தில் ஒரு தெரு. இதையெல்லாம் யோசிக்கிற ஆள் கார் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சாவியைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்குச் சிரித்தார். பெட்ரோல் கார் வாங்கியிருந்தால் மட்டும் என்ன, அதற்கும் எங்கேயோ ஒரு ஆறு போயிருக்கும். நடந்தே ஒரகடம் போ என்று பெற்ற பெண்ணிடம் சொல்வதா.

நான்கு மணி ஆயிற்று. நான்கு மணி வரியையும் எழுதவில்லை. இப்போது இரண்டு வரி காலி. மேலே எங்கோ தொட்டில் ஸ்பிரிங்கின் சத்தம் கேட்டது, கிறீச், கிறீச் என்று. பிளக்குக்கு நேர் மேலே முதல் மாடி முதல் வீடு, அங்கே ஐந்து மாதக் குழந்தை. அந்தச் சத்தம் தண்ணீர்க் குழாய் போகும் சந்து வழியாக இறங்கி வருகிறது. சத்தம் இறங்கினால் புகை ஏறும், அதே சந்துதான். எழுந்தார். சுவிட்சை அணைத்தார். ரொம்பச் சுலபமாக இருந்தது. காருக்குள் எதுவோ டக் என்றது, அதுவரை இருந்ததென்றே தெரியாத ஒரு முனகல் நின்றது, பேஸ்மெண்ட் திடீரென்று பெரிதாகிவிட்டது போல இருந்தது. பத்து நிமிஷம் ஆறட்டும், அப்புறம் போடலாம், இப்படியே பத்து நிமிஷம் விட்டு விட்டுப் போட்டால் என்ன, இதை ஏன் முன்பே யோசிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே சட்டைப் பையில் போன் அடித்தது. சுகந்தி. காரிலிருந்து அவள் போனுக்குத் தகவல் போயிருக்கிறது, சார்ஜ் நின்றுவிட்டதென்று. என்னாச்சுப்பா என்றாள். கை பட்டுவிட்டது என்றார்.  ஆறு மணிக்குள் தொண்ணூறாவது வர வேண்டும், திங்கள் செவ்வாய் இரண்டு நாள் ஓட்ட வேண்டும், போட்டுவிடுங்கள் என்றாள். போட்டார். முனகல் திரும்பி வந்தது. சுவரைத் தொட்டால் அதற்குள்ளும் அந்த முனகல் இருப்பது போல இருந்தது, அது இருமலுக்கு முன்னால் தன் நெஞ்சுக்குள் கேட்கும் சத்தமாகவும் இருக்கலாம். அவள் நம்பியிருப்பாளா. கை பட்டுவிட்டது என்பதை. சின்ன வயசில் அவள் பொய் சொன்னால் அவருக்கு உடனே தெரியும், இப்போது அவர் சொல்வது அவளுக்குத் தெரிகிறதா என்பது தெரியவில்லை.

நாலரை மணிக்கு எழுதினார். யோசித்து முடித்துவிட்டு எழுதியதில்லை. யோசனை ஒரு சுற்று முடிந்து மறுபடி ஈர மண்ணிலிருந்து ஆரம்பித்தபோது, அதற்குள் போக அலுப்பாக இருந்தது, கை தானாக எழுதியது. மூன்றரை: பிளக் சூடு. வாசனை உண்டு. நான்கு: பிளக் சூடு. வாசனை உண்டு. நாலரை: பிளக் மிகவும் சூடு, விரல் வைக்க முடியவில்லை. கட்டத்துக்குள் அடங்காமல் கடைசி இரண்டு வார்த்தை வயருக்கான கட்டத்தில் போய் நின்றது. மூன்று வரிக்கும் கையெழுத்துப் போட்டார். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. நிம்மதி வரும் என்று எதிர்பார்த்திருந்தாரோ என்னவோ, வந்தது நிம்மதி இல்லை, பசி. மதியம் சரியாகச் சாப்பிடவில்லை என்று ஞாபகம் வந்தது. ஆறு மணிக்குச் சுகந்தியின் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தார், முகம் வரவில்லை, அவள் கொண்டை போட்ட பின்தலைதான் வந்தது. அவள் வேறு வீடு பார்ப்பாள். ஒரகடம் பக்கத்தில் ஒற்றை அறை. அவர் அதில் ஹாலில் படுப்பார், அல்லது படுக்கமாட்டார். தம்பி வீடு செய்யாறில் இருக்கிறது. அங்கே போய் இருப்பது என்றால் தம்பி மனைவி டம்ளரை வைக்கும் சத்தத்தை வைத்துத் தெரிந்துகொள்ள வேண்டும், எப்போது இருக்கலாம், எப்போது கூடாது என்று. இருக்கட்டும். குழந்தை அழுதது, தொட்டில் சத்தம் வேகமாயிற்று, பிறகு நின்றது.

சம்பந்தம் ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வந்தார். கையில் அளக்கும் டேப், ஒரு சாக்பீஸ். கார் நிற்கும் இடங்களைப் பார்த்துப் பார்த்துத் தரையில் நான்கைந்து இடத்தில் கோடு போட்டார். பிறகுதான் வேதகிரி பக்கம் வந்து, என்ன சார், கடைசி நாள் காவல் என்று சொல்லி நோட்டுக்குக் கையை நீட்டினார். படித்தார். மறுபடி படித்தார். படிக்கும்போது அவர் முகத்தில் கோபம் வரும் என்று வேதகிரி பார்த்துக்கொண்டிருந்தார், வரவில்லை, கணக்கில் ஒரு எண் இடிக்கும்போது வருமே அந்தச் சின்ன எரிச்சல்தான் வந்தது. இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மெதுவாகத்தான் பேசினார். ஆறு வீட்டில் கரண்ட் கார் புக் பண்ணியிருக்கிறார்கள், அதில் ஒன்று அவருடையது, இன்னொன்று வரதராஜுலு. கூட்டம் சும்மா சம்பிரதாயம், அனுமதி என்று ஏற்கனவே எழுதியாகிவிட்டது. கட்டடத்து இன்ஷூரன்ஸ் பாலிசியில் சார்ஜ் போடும் இடங்களையும் சேர்க்க வேண்டும், அதற்கு நான்கு மாதம் எந்தப் புகாரும் இல்லாத பதிவேடு ஒன்று வேண்டும், அதற்காகத்தான் இந்த நோட்டு, இந்த வாளி, எல்லாம்.  தொட்டுப் பாருங்க சார் என்றார் வேதகிரி. சம்பந்தம் எழுந்து போய்த் தொட்டார். கையை எடுத்துக்கொண்டார். விரலைச் சட்டையில் தேய்த்துக்கொண்டார்.

“சூடுதான்” என்றார். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். “வயரை மாத்திடலாம் சார். பாலிசி வரட்டும். இப்ப கைவெச்சா ஏன் மாத்துனீங்கன்னு இன்ஷூரன்ஸ்காரன் கேப்பான்.”

பாலிசி வர எத்தனை நாள் என்று வேதகிரி கேட்டார். இரண்டு மாதம், மூன்று மாதம் என்றார் சம்பந்தம். அதற்குள் ஆறு காரும் வந்துவிடும் என்று வேதகிரி சொன்னார், கேள்வியாகச் சொல்லவில்லை. சம்பந்தம் நோட்டின் அந்தத் தாளை, மடிப்பை நகத்தால் நீவி, கிழிசல் தெரியாமல் மெதுவாக எடுத்தார். தைத்த நோட்டு என்பதால் அதன் மறுபாதித் தாளும் கழன்று வந்தது, அது இரண்டு மாதத்துக்கு முந்தியது, எல்லாம் சரியாக இருந்த ஒரு புதன்கிழமை. அதையும் சேர்த்து எழுதிவிடுங்கள் சார், ஆறு மணிக்கு நான் வாங்கிக்கொள்கிறேன் என்று நோட்டை மடியில் வைத்தார். இரண்டு தாளையும் நான்காய் மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். நாளையிலிருந்து நீங்கள் இப்படி உட்கார வேண்டாம் சார், பாவம், நெஞ்சு வேறு சரியில்லை, நான் உங்களைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன் என்றார். அவர் அதை மனசாரத்தான் சொன்னார்.

போகிற வழியில் சம்பந்தம் சுகந்திக்குப் போன் பண்ணியிருக்க வேண்டும். ஐந்தேகாலுக்கு லிஃப்ட் திறந்து சுகந்தி வந்தாள். கையில் வேதகிரியின் அறையில் இருக்கும் டேபிள் ஃபேன். வயரைக் கழுத்தில் சுற்றியிருந்தாள். எதுவும் கேட்காமல் நோட்டை ஒரு தடவை பார்த்தாள், அதற்குள் அவர் புதிய தாளில் கட்டம் போட்டு, பத்து மணியிலிருந்து ஐந்து மணி வரைக்கும் எல்லாம் சரி என்று எழுதி முடித்திருந்தார்.

“ஏம்ப்பா எழுதினீங்க” என்றாள்.

“சூடா இருந்தது.”

“எனக்குத் தெரியாதாப்பா? நான்தானே அதைப் பிடுங்கறேன்.”

அவர் அவளைப் பார்த்தார். அவள் தன் வலது கையின் கட்டைவிரலை ஆள்காட்டி விரலால் தடவிக்கொண்டிருந்தாள், அங்கே தோல் பளபளவென்று இருந்தது, புதுத் தோல்.  அவள் மணல் வாளியைப் பிளக்குக்குப் பக்கத்தில் இழுத்து, அதன் மேல் ஒரு பலகையை வைத்து, பலகை மேல் ஃபேனை வைத்தாள். அதே வெள்ளைப் பெட்டியில் கீழே சின்ன பிளக்குக்கான துளையும் இருந்தது. ஃபேன் வயரை அதிலேயே சொருகினாள். வேண்டாம் என்று சொல்ல வேதகிரி வாயைத் திறந்தார். பேஸ்மெண்டில் வேறு பிளக் பாயிண்ட் கிடையாது. அவள் ஃபேனின் தலையைத் திருப்பிப் பிளக்குக்கு நேராகப் பிடித்து, ஆடாமல் இருக்கக் குமிழை அழுத்தினாள். இரண்டாம் நம்பரில் வைத்தாள், யோசித்து மூன்றுக்கு மாற்றினாள். இனிமேல் தினமும் இதை வைத்துவிடலாம், எனக்கு இது தோன்றவே இல்லை பாருங்கள் என்றாள். ராத்திரிக்கு உங்களுக்கு வேறு ஃபேன் வாங்கிவிடலாம் என்றாள். காரின் கண்ணாடி வழியாகப் பார்த்து எண்பத்தாறு என்று சொன்னாள். பிறகு பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். நான்கு மாதத்தில் அவள் இங்கே வந்து உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. முகத்தில் வியர்வை வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. இரண்டு பேருக்கும் காற்று வரவில்லை. பிளக்குக்கு மட்டும் வந்துகொண்டிருந்தது.

ஐந்தரைக்கு அவர் எழுந்து போனார். பிளக்கைத் தொட்டார். எட்டு வரைக்கும் எண்ண முடிந்தது. பெட்டிக்கு அருகே குனிந்து, கண்ணை மூடி, நன்றாக இழுத்து முகர்ந்து பார்த்தார். ஃபேன் எல்லாவற்றையும் தண்ணீர்க் குழாய்ச் சந்துப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போயிருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்து நோட்டை எடுத்தார். வாசனை என்ற கட்டத்தில் இல்லை என்று எழுதினார். அங்கே இல்லைதான்.